ஆங்கில வினாவில் வரும் ‘டூ’: அசைவினையா, காலந்தாங்கியா?

> துணைவினை என்ற சொல் இருக்க, இன்னொன்று எதற்கு?

ஆக்ஸிலியரி வெர்புக்குத் துணைவினை இருக்கட்டும். ‘டூ யூ லைக் டீ?’ என்பதில் வரும் ‘டூ’வுக்குத்தான் நம் கலைச்சொல் பட்டியலில் தமிழில் தனிப்பெயர் கேட்கிறேன். நம் துணைவினை முதல்வினைக்குப் பின்னால் வந்து பொருளைக் கூட்டும்; ‘உடைத்துவிட்டான்’ என்பதில் ‘விடு’ செயல் முடிந்ததைக் காட்டுகிறது. இந்த ‘டூ’ எந்தப் பொருளையும் கூட்டவில்லை. நமக்கோ ‘பிடிக்கும்’ என்பதோடு ‘ஆ’ சேர்ந்தால் வினா முடிந்தது. அதனால்தான் புதிதாகப் படிப்பவர் ‘யூ லைக் டீ?’ என்று குரலை உயர்த்துவதோடு நிறுத்திவிடுகிறார். ‘அசைவினை’ எனலாமா?

——

> ‘அசைவினை’ எனலாமா?

வேண்டாம். பொருளின்றி வரும் அசைச்சொல்லை எடுத்துவிட்டாலும் தொடர் நிற்கும். ‘டூ’ அப்படியல்ல, சுமக்கிறது. ‘ஹி லைக்ஸ் டீ’ வினாவாகும்போது ‘லைக்ஸ்’ஸின் ‘ஸ்’ கழன்று ‘டூ’வில் ஏறுகிறது: ‘டஸ் ஹி லைக் டீ?’ ‘வென்ட்’டில் இருந்த இறந்தகாலம் ‘டிட்’டுக்குப் போக, ‘கோ’ மிஞ்சுகிறது. நம் இலக்கணப்படி சொன்னால், இடைநிலையும் விகுதியும் ‘டூ’வுக்குப் போய்விட, முதல்வினை வெறும் பகுதியாக நிற்கிறது. ‘டிட் யூ வென்ட்?’, ‘டஸ் ஹி லைக்ஸ்?’ என்று பிசகுவது இங்கேதான்: ஒரே சுமையை இரண்டு தலையில் ஏற்றுகிறார்கள். சுமைதாங்கிக் கல்லை நினைத்து ‘காலந்தாங்கி’ என்பேன்.

——

சொல் நன்று. ‘டூ’வுக்கு மட்டும் கொடுத்தால் வீண். ‘ஷி இஸ் ஸ்லீப்பிங்’ என்பதில் ‘இஸ்’ஸும் காலந்தாங்கிதான். ‘தே ஹேவ் பீன் வெயிட்டிங்’ என்பதில் துணைவினை இரண்டு. காலம் தாங்கும் ‘ஹேவ்’ மட்டும் முன்னே போகும், ‘பீன்’ அசையாது. ‘ஆர் யூ டயர்ட்?’ என்பதில் துணைவினையே இல்லை, ஆனாலும் ‘ஆர்’ முன்னே போகிறது. ‘துணைவினையை முன்னால் போடு’ என்ற பாடநூல் விதி தடுமாறும் இடம் இது. இப்படி முன்னே போகும் சொல்லைத்தான் ஆங்கில இலக்கணத்தார் ஆபரேட்டர் என்கிறார்கள். (அதை ‘இயக்கி’ என்று பெயர்த்தால் கணினிக்காரர் சண்டைக்கு வருவார், அவர் அதை டிரைவர் என்ற மென்பொருளுக்கு வைத்துக்கொண்டார்.)

ஆக, காலந்தாங்கி எழுவாய்க்கு முன் வரும். தொடரில் அது தனியாக இல்லையென்றால் ‘டூ’வை இரவல் வாங்க வேண்டும். ‘டூ’வுக்கு ‘இரவல் துணைவினை’ போதும். உடைமைப் பொருளில் ‘ஹேவ்’ முதல்வினை, ஆகவே இன்றைய வழக்கில் இரவல் தேவை: ‘டூ யூ ஹேவ் எ பென்?’

——

> காலந்தாங்கி எழுவாய்க்கு முன் வரும்

‘மஸ்ட்’ எந்தக் காலத்தைத் தாங்குகிறது? கறாராகப் பார்த்தால் பெயர் அங்கே பொருந்தாது. இடம் மட்டும் பொருந்துகிறது. அடிக்குறிப்பில் சொல்லிவிடலாம், சொல்லை இதற்காகக் கைவிட வேண்டாம்.

எடுத்துக்காட்டில் ‘ஹூ ப்ரோக் த கிளாஸ்?’ கட்டாயம் வேண்டும். வினாச்சொல்லே எழுவாய் என்பதால் இரவல் இல்லை. பக்கத்திலேயே ‘ஹூ டிட் யூ சீ?’ இருக்கட்டும், அங்கே ‘ஹூ’ செயப்படுபொருள், எனவே ‘டிட்’ வந்தது. ‘டெல் மீ வேர் ஹி லிவ்ஸ்’ போன்ற உள்வினாவில் இரவலும் இல்லை, இடமாற்றமும் இல்லை. அதைத் தனிப் பதிவாகப் போடுங்கள். ‘வேர் டஸ் ஹி லிவ்’ என்று அங்கேயும் எழுதுவது விதியைப் புதிதாகக் கற்றவர்தான்.