பைத்தானின் 'நன்' மதிப்புக்கு 'இன்மை' என்று வைக்கலாமா?

வணக்கம் நண்பர்களே,

பைத்தான் நிரல்மொழியில் எதுவுமில்லை என்று காட்ட வரும் 'நன்' (None) மதிப்பை இதுவரை 'வெற்று' என்றே எழுதிவந்தேன். போன வாரம், புதிதாக நிரல் எழுதப் பழகும் பிள்ளைகளுக்கு டிக்-டாக்-டோவில் (ஒன்பது கட்டங்களில் X, O போட்டு ஆடும் ஆட்டம்) வென்றவர் யார் என்று சொல்லும் செயற்கூறு (function, ஒரு வேலையைச் செய்து விடை தரும் நிரல்பகுதி) ஒன்றை எழுதக் கொடுத்தபோதுதான் அந்தச் சொல் எவ்வளவு குழப்புகிறது என்று பார்த்தேன்.

கிடைவரிசை 3, நெடுவரிசை 3, மூலைவிட்டம் 2, ஆக 8 கோடுகள். ஏதாவது ஒரு கோட்டில் மூன்று கட்டங்களும் ஒன்றாக இருந்தால் அந்தக் குறியைப் பின்கொடுக்க வேண்டும் (அதாவது return, விடையாகத் திருப்பித் தருவது; தமிழ் நிரல்மொழியான எழிலின் 'பின்கொடு' எனக்குப் பிடித்த சொல்), இல்லாவிட்டால் 'நன்'. ஒரு மாணவி கச்சிதமாக எழுதியிருந்தாள், ஆனால் ஓட்டினால் ஒரு கட்டம்கூட நிரப்பாமலே ஆட்டம் முடிந்துவிடுகிறது. மூன்று காலிக் கட்டங்களும் ஒன்றுக்கொன்று சமம்தானே, அதனால் முதல் வரிசையிலேயே காலிக் கட்டத்தைக் குறிக்க அங்கிருந்த வெற்றுச் சரத்தை (எழுத்தே இல்லாத string) வென்றவராகப் பின்கொடுத்துவிட்டது. "வெற்று வந்தா இன்னும் யாரும் ஜெயிக்கலைன்னு சொன்னீங்களே சார், வெற்றுதானே வந்திருக்கு?" என்றாள். நியாயமான கேள்வி. காலிக் கட்டத்துக்கும் வெற்று, வென்றவர் இல்லை என்பதற்கும் வெற்று என்று பலகையில் எழுதிப் போட்டது நான்தான்.

வெற்றுக் குடம் என்றால் குடம் இருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. வெற்றுச் சரமும் அப்படித்தான், நீளம் 0 என்றாலும் அது ஒரு சரம், அந்தப் பெயர் அப்படியே இருக்கட்டும். 'நன்' என்பது குடமே இல்லாத நிலை. செயற்கூறு எதையும் பின்கொடுக்காமல் முடிந்தாலும் பைத்தான் அதைத்தான் தருகிறது. அதற்கு 'இன்மை' பொருந்தும் என்று நினைக்கிறேன்.

'இல்லை' என்றே வைக்கலாமே என்று சிலர் கேட்பீர்கள். எழிலில் எல்ஸ் (else, 'இல்லாவிட்டால்') என்பதற்கு 'இல்லை' ஏற்கெனவே போய்விட்டது, அதோடு பிள்ளைகள் அதைப் 'பொய்' (False) மதிப்போடு சேர்த்துக்கொள்வார்கள். 'சுழி' என்றால் பூஜ்ஜியம் நினைவுக்கு வரும். குறளில் இன்மை என்றால் வறுமை ஆயிற்றே என்றால், ஆமாம், ஆனால் தூக்கமின்மை, வேலையின்மை என்று இன்றைக்கும் தினசரியில் படிக்கிற சொல்தானே, யாருக்கும் அகராதி தேவைப்படாது.

அப்புறம், டிராவுக்கு 'சமன்' என்று தனியாக வைத்துவிடலாம். ஒன்பது கட்டமும் நிரம்பி யாரும் வெல்லாவிட்டால் சமன், ஆட்டம் இன்னும் நடந்துகொண்டிருந்தால் இன்மை. கோடுகளைப் பார்த்த பிறகே பலகை நிரம்பிவிட்டதா என்று பார்க்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஒன்பதாவது நகர்வில் வென்றவருக்கும் சமன் என்று வந்துவிடும்.

பாடக்குறிப்பை இந்த வாரம் திருத்துகிறேன். 'இன்மை' ஒத்துவராது என்று நினைப்பவர்கள், இதே செயற்கூறில் உங்கள் சொல்லைப் போட்டு எழுதிக் காட்டுங்கள்.