திராட்டல் கம்பிக்கு இஸட் வளைவு: எதை வைத்து வளைப்பது, எங்கே உடைகிறது

செந்தூல் ஸ்பேனர்:
புல் வெட்டும் மெஷின்களில் எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திராட்டல் கம்பி மாற்றும்போது கண்ணில் பட்டதை எழுதுங்க. கதை வேண்டாம், அளவு வேண்டும்.

முதலில் ஒன்று. கம்பியில் இரண்டு ஜாதி. நாலு சக்கரத் தள்ளு மெஷினில் சுருள் உறைக்குள் ஒற்றைக் கம்பி ஓடும். பியானோ கம்பி மாதிரி விறைப்பானது, பெரும்பாலும் 1.2 முதல் 1.6 மி.மீ. இழுக்கவும் செய்யும், தள்ளவும் செய்யும். முதுகில் மாட்டும் மெஷினில் இருப்பது பின்னல் கம்பி. இழுக்க மட்டும்தான், திரும்பி வருவது ஸ்பிரிங் புண்ணியம். இஸட் வளைவு, அதாவது லீவர் ஓட்டையில் மாட்டக் கம்பி நுனியை Z எழுத்து மாதிரி படியாக மடிப்பது, ஒற்றைக் கம்பிக்கு மட்டுமே. பின்னல் கம்பியைக் கொக்கி மாதிரி மடக்கி மாட்டினால் மடிப்பில் இழை இழையாக அறுந்து பூப்போல விரியும். அந்த விரிந்த இழை உறை வாயில் சிக்கினால் திராட்டல் திறந்தபடியே நிற்கும், கையை எடுத்தாலும் எஞ்சின் அலறும்.

பிறை வைஸ்:
இஸட் பிளையர் என்று தனியாக உண்டு. தாடையில் படி வெட்டியிருக்கும். ஒரே அழுத்தில் இரண்டு வளைவும் விழும். ரிமோட் விமானம் செய்கிறவர்கள் வைத்திருப்பது இதுதான். சின்ன சைஸ் பிளையர்கள் பொதுவாக 1.6 மி.மீ. வரை தாங்கும். அதற்கு மேல் போட்டால் தாடைப் படியின் முனை தெறிக்கும்.

வாங்க மனசில்லை என்றால் மேசையில் பொருத்திய இறுக்குப் பிடி, அதான் வைஸ், அதுவே போதும். 3 மி.மீ. தடிமனில் இரண்டு இரும்புப் பட்டை. ஒன்றை நிலைத் தாடையின் இடது பாதியிலும், மற்றதை நகரும் தாடையின் வலது பாதியிலும் ஒட்டி நிறுத்துங்க. எதிர் எதிராக இருக்கும் இரண்டு விளிம்புக்கும் நடுவே கம்பியின் தடிமன் அளவு இடைவெளி. கம்பியைக் குறுக்கே படுக்க வைத்து வைஸை இறுக்கினால் படி விழும். விளிம்பை அரத்தால் லேசாக மழுக்கணும், இல்லையென்றால் கம்பியில் வெட்டுக் காயம் படும். சாதாரண இரும்பு ரெண்டு மூணு தடவையில் பள்ளம் விழும். பழைய பவர் சா பிளேடு கிடைத்தால் உத்தமம்.

தாமான் மெக்கானிக்:
அண்ணே, படி உயரம் லீவர் தகட்டின் தடிமன் இருந்தால் போதும்தானே?

பிறை வைஸ்:
போதாது தம்பி. எல்லாரும் வழுக்கும் இடம் இதுதான். படியை அளப்பது கம்பியின் நடுவிலிருந்து நடுவுக்கு. கம்பியின் தடிமனும் அதற்குள்ளேயே அடக்கம். தகடு 1.5, கம்பி 1.4, ஆட்டத்துக்கு 0.5, கூட்டினால் 3.4 மி.மீ. 3 மி.மீ. பட்டை இரண்டுக்கும் பின்னால் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜின் 0.4 தகடு ஒவ்வொன்றைச் செருகினால் கணக்கு சரி. குறைந்தால் லீவரைக் கவ்விக்கொண்டு திரும்ப விடாது. கூடினால் கடகடவென்று ஆடி, ஓட்டையை முட்டை வடிவமாகத் தேய்த்துவிடும்.

பாலிக் புலாவ் பட்டறை:
வளைப்பதை விட குறி போடுவதுதான் வேலை. வரிசை இப்படி:

பிளக் மூடியைக் கழற்றி ஓரமாக வைக்கணும். உறையைக் கைப்பிடியிலிருந்து எஞ்சின் வரை அது போகவேண்டிய வழியில் ஓட்டி, மிச்ச உறையை வெட்டணும். கட்டரால் நசுக்காதீங்க. சுருளில் ஒரே ஒரு வளையத்தை அறுக்கும் சில்லால் வெட்டினால் போதும், மீதி தானாகக் கழன்று வரும். வாயில் பிசிர் இருந்தால் அரம் போடுங்க. பிசிர் கம்பியைச் சீவிக்கொண்டே இருக்கும். பிறகு கைப்பிடி லீவரும் எஞ்சின் லீவரும் வேகம் பக்கம், உறையை எஞ்சினில் பிடித்து நிறுத்தும் கிளாம்பில் நடுவாக வைத்து, கம்பி ஓட்டைக்கு நேரே வரும் இடத்தில் மார்க்கர் கோடு. வளைவு விழுந்தபின், கோட்டுக்கு அப்பால் வால் 6 மி.மீ. விட்டு வெட்டணும். குட்டையானால் நழுவும், நீளமானால் ஏர் கிளீனர் அடித்தட்டில் இடிக்கும். இரண்டு மூன்று மில்லி பிசகு கிளாம்பில் சரியாகிவிடும், அதனால் பயம் வேண்டாம்.

மாட்டும்போது கிளாம்பைத் தளர்த்தி, கம்பியை நிமிர்த்திப் பிடித்து வாலை ஓட்டையில் விட்டு, பிறகு படுக்க வைத்தால் பூட்டிக்கொள்ளும். வாலை மாட்டிவிட்டுப் பிளையரால் நெளிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். நிமிர்த்தி மறுபடி வளைத்த பியானோ கம்பி அங்கேயேதான் முறியும். ஒரு இடத்தில் ஒரே வளைவு. தப்பானால் அந்தத் துண்டை வெட்டி எறிங்க. அதனால்தான் கம்பியை எப்போதும் 4, 5 செ.மீ. கூடுதலாக விடணும்.

செந்தூல் ஸ்பேனர்:
பிரிக்ஸ் கம்பெனி எஞ்சினில் திராட்டலும், குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பக் காற்றை அடைக்கும் சோக்கும் ஒரே லீவரில் இருந்தால், கம்பி நகரும் தூரம் குறைந்தது 35 மி.மீ. வேண்டும், முழுக்க நீட்டியபோது உறைக்கு வெளியே 54 மி.மீ. தெரியணும். இது குறைந்தால் சோக் பாதிதான் மூடும். காலையில் இருபது தடவை கயிறு இழுத்துவிட்டு ஆட்கள் கார்புரேட்டரைக் கழற்றுகிறார்கள், குறை உறையின் நீளத்தில்.

கெப்போங் கார்டன்:
நெருப்பு காட்டி வளைக்கலாமா? சுலபமாக இருக்கிறதே.

பிறை வைஸ்:
சுலபம்தான். கம்பி நீலம் ஏறும்போதே விறைப்பு இறங்க ஆரம்பிக்கும். சிவந்தால் முழுசாகப் போச்சு. இழுக்கும்போது தெரியாது. தள்ளும்போது உறைக்கு வெளியே வில் மாதிரி வளையும், லீவர் அசையாது. 1.6 டிக் வெல்டிங் கம்பியைப் போடுவதும் இதே கேஸ். விரலாலேயே இஸட் போடலாம், ஆனால் தள்ளத் தெம்பு இருக்காது. சைக்கிள் ஸ்போக் விறைப்பானது, ஆனால் பெரும்பாலும் 2 மி.மீ. உறைக்குள்ளேயே போகாது.

தாமான் மெக்கானிக்:
ஹோண்டா ஜிஎக்ஸ் எஞ்சினில் திருகு போட்டுப் பிடிக்கிற மாதிரி வருதே, இஸட் எதற்கு?

பாலிக் புலாவ் பட்டறை:
அங்கே இஸட் தேவையில்லை. திருகை மிதமாக இறுக்கணும். ஓவராக இறுக்கினால் கம்பியில் பல் பதிந்து அங்கே முறியும். இரண்டு விஷயம் மறக்கப்படுகிறது. பின்னல் கம்பி போட்டால் திரும்புவதற்கு ஸ்பிரிங் கட்டாயம். தூரத்திலிருந்து இயக்கும்போது திராட்டல் லீவரின் உராய்வு நட்டைத் தளர்த்தணும். தளர்த்தாமல் விட்டுக் கம்பியைத் திட்டுவார்கள்.

இன்னொன்று, கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன். வேகம் பத்தவில்லை என்று, எஞ்சின் வேகத்தைக் கட்டுக்குள் வைக்கும் கவர்னரின் இணைப்புக் கம்பியையோ ஸ்பிரிங் கொக்கியையோ அதே இஸட் பிளையரால் வளைக்காதீங்க. நாம் இழுக்கும் கம்பி கவர்னர் ஸ்பிரிங்கைத்தான் இறுக்குகிறது, கார்புரேட்டர் தகட்டை நேராக இல்லை. கொக்கியை மடித்தால் உச்ச வேகம் கைமீறும், பிளேடு முனை வேகமும் கூடவே ஏறும். எஞ்சின் சுற்று வேகம் அளக்கும் டாக்கோமீட்டர் இல்லாமல் அந்தப் பக்கம் கையே வைக்கக் கூடாது.

இங்கே மேடு பள்ளமான டுரியான் தோட்டங்களில் முழுக்க முதுகு மெஷின்தான். பின்னல் கம்பியை வெட்டும் முன் வெட்டும் இடத்தில் ஈயம் ஏற்றிவிட்டு வெட்டுங்க, பிரியாது. லீவரில் உட்காரும் குமிழைக் கம்பி நுனியில் மாட்டி, நுனி இழைகளை விரித்து, அதன்மேல் ஈயம். விரிக்காமல் வைத்தால் ஒரே இழுவையில் உருவிக்கொண்டு வரும்.

கெப்போங் கார்டன்:
பினாங்கு லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் இஸட் பிளையர் கிடைத்தால் எடுக்கலாமா?

பிறை வைஸ்:
1.4 கம்பித் துண்டு ஒன்றைப் பையில் கொண்டு போங்க. அங்கேயே ஒரு வளைவு போட்டு, உள்மூலையில் நகத்தை ஓட்டிப் பாருங்க. நகம் மாட்டினால் தாடை தெறித்த பிளையர், வைத்துவிட்டு வாங்க.