எக்கோவில் 35 வந்தபோது

காவேரிப்பட்டணத்துக்காரன்:
அப்பா கே.ஆர்.பி. அணை வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிடும் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். போன மாங்காய் சீசனில் தோட்டத்துக்கு நடந்து போய் வந்தாலே மூச்சு வாங்கியது, காலும் வீங்கியது. கிருஷ்ணகிரியில் எக்கோ, அதாவது ஒலியலையால் இதயத்தைப் பார்க்கும் ஸ்கேன், எடுத்தோம். இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்து, நெஞ்சில் ஜெல் தடவிப் பார்த்தார்கள். "சில்லுனு இருக்குதே, இது எதுக்கு?" என்றார் அப்பா. நடுவில் காற்று இருந்தால் ஒலி உள்ளே போகாதாம்.

ரிப்போர்ட்டில் ஈ.எஃப். 35 சதவீதம். எனக்குக் கை கால் ஓடவில்லை. சின்னம்மா மட்டும் "ஜஸ்ட் பாஸ்தானே, விடு" என்றார். நல்ல இதயத்துக்கே 55 முதல் 70 வரைதான் வரும், நூறு யாருக்கும் வராது என்பது டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. நிரம்பிய ரத்தத்தில் எத்தனை பங்கு வெளியே போகிறது என்பதுதான் ஈ.எஃப்.; எத்தனை லிட்டர் என்பது வேறு கணக்கு. இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் வழியின் விட்டம் 2 செ.மீ. ஒரு துடிப்பில் ரத்தம் அதில் 15 செ.மீ. நகர்கிறது என்று டாப்ளர் (ரத்த ஓட்டத்தை அளக்கும் எக்கோ முறை) காட்டியது. விட்டத்திலிருந்து வரும் வட்டப் பரப்பை (சுமார் 3.14 ச.செ.மீ.) 15 ஆல் பெருக்கினால் ஒரு துடிப்புக்கு 47 மி.லி. நாடி 84. ஆக நிமிடத்துக்கு ஏறக்குறைய 4 லிட்டர்.

அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார். "இது வாய்க்கால்ல தண்ணி அளக்கிற கணக்குதானுங்களே! அகலத்தைத் தப்பா எடுத்துட்டா?" டாக்டர் சிரித்தார். வம்பே அங்கேதானாம். விட்டத்தை 1.8 என்று எடுத்தால் ஐந்தில் ஒரு பங்கு ரத்தம் கணக்கில் காணாமல் போய்விடும்.

தருமபுரி நர்ஸ்:
ஐ.சி.யூ.வில் நாங்களும் இதைத்தான் நம்புகிறோம். பிரஷர் விழுந்தவருக்குச் சலைன் ஏற்றலாமா என்று தெரிய, தலைப்பக்கத்தைத் தாழ்த்திக் காலைத் தூக்கி வைப்போம். காலில் உள்ள ரத்தம் இதயத்துக்குத் திரும்பும். ஒரு நிமிடத்தில் டாப்ளர் அளவு 10, 15 சதவீதம் கூடினால் உடம்பு சலைனை ஏற்கும். கூடாவிட்டால் ஏற்ற யோசிப்போம், நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும்.

பென்னாகரம்:
என் அத்தைக்கு ஈ.எஃப். 60. ஆனாலும் நாலு படி ஏற முடியவில்லை. பல வருஷ பிரஷரில் இதயச் சுவர் தடித்து இறுகி, அறை சரியாக நிரம்பவே இல்லையாம். நிரம்புவதே கொஞ்சம், அதில் 60 சதவீதம் போய் என்ன செய்ய?

காவேரிப்பட்டணத்துக்காரன்:
அட, இப்படியும் இருக்கிறதா! அப்பாவுக்கு இப்போது வீக்கம் வடிந்துவிட்டது. உப்பைக் குறைக்கச் சொன்னதால் களிக்கு மாங்காய் ஊறுகாய் கேட்டுத் தினமும் சண்டை. அடுத்த எக்கோ ஆடிக்கு அப்புறம்.