எடை குறைவாகப் பிறந்த குழந்தைக்கு இப்போது எடை ஏறுவது இதயத்துக்கு நல்லதா?

கயல்விழி:
என் மகள் நிறைமாதத்தில் 2.1 கிலோ எடையுடன் பிறந்தாள். இப்போது இரண்டரை வயதாகிறது. பிள்ளை தேற வேண்டும் என்று என் மாமியார் பாலில் இரண்டு கரண்டி சர்க்கரையும், ஒவ்வொரு வேளைச் சோற்றிலும் நெய்யும் சேர்த்து ஊட்டுகிறார். கடந்த ஆறு மாதங்களில் எடை வேகமாக ஏறியிருக்கிறது. எடை குறைவாகப் பிறந்தவர்களுக்குப் பிற்காலத்தில் மாரடைப்பு வரும் வாய்ப்புக் கூடுதல் என்று படித்தேன். அப்படியானால் இந்த ஏற்றம் அவளைக் காக்குமா, கெடுக்குமா?

செந்தில்நாதன்:
எந்த வயதில் ஏறுகிறது என்பதைப் பொறுத்தது. இங்கிலாந்தின் ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் 1911 முதல் குழந்தைகளின் பிறப்பு எடையையும் ஒரு வயது எடையையும் செவிலியர்கள் பேரேடுகளில் குறித்துவந்தார்கள். அவற்றைக் கொண்டு மருத்துவ ஆய்வாளர் டேவிட் பார்க்கரின் குழுவினர் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களைப் பற்றி 1989இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வயதில் 18 பவுண்டுக்கு, அதாவது சுமார் 8 கிலோவுக்கு, மேல் தேறாதவர்களே இதய நோயால் அதிகம் இறந்திருந்தார்கள். ஆகவே முதல் ஆண்டில் எடை கூடுவது நன்மையே. பின்லாந்தின் ஹெல்சின்கியில் 1934 முதல் 1944 வரை பிறந்தவர்களைப் பற்றிய 2005ஆம் ஆண்டு ஆய்வோ, சிறியதாகப் பிறந்து, இரண்டு வயதில் மெலிந்திருந்து, அதன்பின் உயரத்துக்கு மிஞ்சி வேகமாக எடை போட்டவர்களுக்கே மாரடைப்பு அதிகம் என்று காட்டியது. உங்கள் மகள் இந்த இரண்டாம் கட்டத்தில் இருக்கிறாள்.

நர்கிஸ் பானு:
இவை காலப்போக்கில் கண்ட தொடர்புகள்தாம். வறுமையின் பங்கை முழுமையாகப் பிரித்தெடுப்பது கடினம். ஆயினும் நம் நாட்டுச் சான்றுகளும் அதே திசையில்தான் உள்ளன. டெல்லியில் 1969 முதல் 1972 வரை பிறந்தவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது, இரண்டு வயதுவரை மெலிந்திருந்து பின்னர் சதை போட்டவர்களுக்கே சர்க்கரை நோய் கூடுதலாக வந்தது. புனேயில் மருத்துவர் யாக்னிக்கின் குழுவினர் கண்டதை நான் முக்கியமாகக் கருதுகிறேன்: நம் குழந்தைகள் எடை குறைந்து பிறந்தாலும் தசைதான் குறைகிறது, கொழுப்பு அவ்வளவாகக் குறைவதில்லை. அத்தகைய உடலில் சர்க்கரையும் நெய்யும் தசையை வளர்ப்பதில்லை.

மல்லிகா:
சகோதரி, இதற்காக உணவைக் குறைத்துவிடாதீர்கள்; அது இன்னொரு தவறாகிவிடும். பாலில் சர்க்கரையை நிறுத்துங்கள், நெய்யை ஒரு சிறு கரண்டியோடு நிறுத்துங்கள், அந்த இடத்தில் முட்டை, பருப்பு, சுண்டல், மீன் வரட்டும். தடுப்பூசி அட்டையிலுள்ள வளர்ச்சி வரைபடத்தில் எடையோடு உயரத்தையும் குறித்துவரச் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்து ஏறினால் கவலை வேண்டாம், எடை மட்டும் கோடு தாண்டினால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீரகத்தின் வடிகட்டும் அலகுகள் பிறப்புக்கு முன்பே உருவாகிவிடுவதாலும், எடை குறைந்து பிறந்தவர்களுக்கு அவை குறைவாக இருந்து பின்னாளில் இரத்த அழுத்தம் உயரக்கூடும் என்பதாலும், உப்பைக் கட்டுப்படுத்தி, அடுத்த பரிசோதனையின்போது இரத்த அழுத்தத்தையும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். மாமியாரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். வரைபடத்தை மருத்துவரே அவருக்குக் காட்டி விளக்கினால், வீட்டில் வாக்குவாதம் இல்லாமல் முடியும்.