எசேக்கியேல் கண்ட அடுப்படி

பைபிளில் வரும் எசேக்கியேல் தீர்க்கதரிசி என்றாலே பலருக்கும் உலர்ந்த எலும்புகளின் பள்ளத்தாக்குதான் ஞாபகம் வரும். என்னைப் பிடித்துக்கொண்டது அவர் புத்தகத்தின் 40-ம் அதிகாரம். ஒரே முழக்கணக்காக இருக்கிறதே என்று வருஷா வருஷம் நான் புரட்டிவிட்டுப் போன பகுதி.

கடனுக்காகச் சொந்த வீட்டை விற்றுவிட்டு, ஒற்றை அறையில் நாலு பேர் வாடகைக்கு இருந்த காலம் அது. கட்டிலை ஒட்டி அடுப்பு. எல்லோரும் தூங்கியபிறகு வாசிக்க உட்காருவேன். அன்று, நகரம் அழிந்து பதினாலாம் வருஷம் என்ற வரியில் நின்றுவிட்டேன். எருசலேம் ஆலயம் கி.மு. 586-ல் எரிந்து போனது. எசேக்கியேல் ஓர் ஆசாரியர், ஆலயத்தில் பலி செலுத்தும் குருக்கள் வம்சம். ஊழியம் செய்ய ஆலயம் இல்லாமல் பாபிலோனில் சிறைப்பட்டு இருக்கிறார். தரிசனத்தில் அவருக்கு முன்னால் கயிறும் அளவுகோலுமாக ஒருவர் வந்து, ஓர் ஆலயத்தை வாசல் வாசலாக அளந்து காட்டுகிறார். வெளிவாசலுக்கு ஏழு படி, உள்வாசலுக்கு எட்டு. தூண்களில் பேரீச்சமரச் சித்திரம். 46-ம் அதிகாரத்தில் சமைக்கிற இடம்கூட வருகிறது: 40 முழ நீளம், 30 முழ அகலம், சுற்றிலும் அடுப்பு. சாம்பலாகிப்போன கோயிலின் அடுப்படிக்கு அளவு! எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“கண்ணாரப் பார்த்து, காதாரக் கேட்டு, மனதை வை” என்று அவருக்குச் சொல்லப்படுகிறது. அதுவரை “ஆண்டவரே, ஒரு வீடு கொடும்” என்று மட்டும்தான் கேட்டிருந்தேன். எப்படிப்பட்ட வீடு என்று எனக்கே தெரியாது. மறுநாள் பையனின் கட்டம் போட்ட கணக்கு நோட்டில் வரைந்தேன். சமையலறை எட்டுக்குப் பத்து, கிழக்கே ஜன்னல். தையல் டேப்பை என் இடுப்போடு வைத்துப் பார்த்து மேடைக்கு 33 அங்குலம் என்று குறித்தேன். தினமும் கண்ணை மூடி அந்த வீட்டுக்குள் நடப்பேன். கதவைத் திறந்ததும் இடது கைக்கு ஸ்விட்ச் எட்டும்.

மனதில் கண்டதை நிஜமாக வரவழைப்பதை மேனிஃபெஸ்டேஷன் என்று இப்போது சொல்கிறார்களே, எனக்கு அது நடந்தது இப்படித்தான். சும்மா உட்கார்ந்திருந்தபோது வீடு வரவில்லை. அளவு இருந்ததால் மேஸ்திரியிடம் போய்ச் செங்கல் எவ்வளவு ஆகும் என்று கேட்க முடிந்தது. தொகை தெரிந்ததும் சீட்டு போட்டேன். இந்தத் தரிசனத்தை வேறு விதமாக விளக்குகிறவர்கள் உண்டு. அவர்களோடு எனக்கு வழக்கில்லை.

ஆறு வருஷம் கழித்துக் கட்டினோம். சமையலறை ஏழுக்கு எட்டாகச் சுருங்கியது, ஜன்னல் மேற்கே போய்விட்டது. எசேக்கியேல் கண்ட அளவிலும் ஆலயம் எழும்பவில்லை. பாபிலோனிலிருந்து திரும்பிய யூதர்களின் தலைவர் செருபாபேல் காலத்தில் அஸ்திபாரம் போட்டபோது, பழைய ஆலயத்தைப் பார்த்திருந்த முதியவர்கள் அழுதார்கள். அழுகைச் சத்தம் எது, ஆர்ப்பரிப்பு எது என்று பிரித்தறிய முடியவில்லையாம். பால் காய்ச்சிய அன்று அம்மாவின் முகமும் அப்படித்தான் இருந்தது.

மேடை 33 அங்குலம்தான். முப்பது போதும்மா என்று மேஸ்திரி எவ்வளவோ சொன்னார், நான் விடவில்லை.