கொத்துக்கறி இயந்திரத்தில் கறி கூழாகிறது: வழி சொல்லுங்கள்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். நான் கோத்தகிரியில் வசிக்கிறேன். என் அம்மாவுக்குப் பல் போய்விட்டதால், அவர் விரும்பிச் சாப்பிடும் கோலா உருண்டைக்காக மின்சாரக் கொத்துக்கறி இயந்திரம் ஒன்று வாங்கினேன். அதன் கையேடு மான் கறியை வைத்தே எல்லாவற்றையும் விளக்குகிறது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை இங்கே குற்றம் என்பதால், அதைப் போலவே கொழுப்புக் குறைந்த வெள்ளாட்டுத் தொடைக்கறியைத்தான் போடுகிறேன்.

முதல் அரைக் கிலோ உதிரி உதிரியாக அழகாக வருகிறது. பிறகு சல்லடைத் தட்டின் துளைகளில் வெளுத்த கூழ் பிதுங்குகிறது, மோட்டார் முனகுகிறது. நிறுத்திக் கழற்றினால், வெள்ளைச் சவ்வு நூல்கண்டு போலக் கத்தியின் நான்கு இதழ்களிலும் இறுகச் சுற்றியிருக்கிறது. கத்தியின் தட்டையான பக்கம் தட்டை ஒட்டியிருக்கும்படிதான் மாட்டுகிறேன். கறியை விரல் நீளத்துக்கு நறுக்கி, உறைபெட்டியில் ஓரம் விறைக்கும்வரை அரை மணி நேரம் வைத்த பிறகே அரைக்கிறேன்.

சவ்வு முழுவதையும் கையால் உரித்தே ஆக வேண்டுமா, அல்லது முதலில் 8 மி.மீ. தட்டிலும் பிறகு சிறிய தட்டிலும் இரண்டு முறை ஓட்டினால் போதுமா? எங்கள் பகுதியில் மாலையில் மின்னழுத்தம் குறைவதும் காரணமாக இருக்குமோ என்று சந்தேகிக்கிறேன். குன்னூரிலோ ஊட்டியிலோ இந்தக் கத்தியையும் தட்டையும் சேர்த்துச் சமமாகச் சாணை பிடித்துத் தருபவர் எந்தத் தெருவில் இருக்கிறார் என்பதையும் தெரிந்தவர்கள் தயவுசெய்து தெரிவியுங்கள்.