கார்பன் ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டும்

உறவுகளே, வணக்கம். காரைக்குடிப் பக்கம் எங்கள் ஊர்க்காட்டில் மரம் வளர்த்து கார்பன் கிரெடிட் (மரங்கள் உறிஞ்சும் கரியமில வாயுவுக்குக் கிடைக்கும், விற்கக்கூடிய சான்று) விற்க ஒரு நிறுவனம் வந்திருக்கிறது. 30 வருட ஒப்பந்தம், முழுக்க ஆங்கிலம். ஆடு மேய்ப்பது, சுள்ளி பொறுக்குவது, அய்யனாருக்குப் புரவி எடுத்துப் போகும் பாதை, எதற்கும் அதில் ஒரு வரி இல்லை. கேட்டால், "அப்புறம் பேசிக்கலாம்" என்கிறார்கள். கையெழுத்துப் போட்டபின் என்ன பேசுவது?

2006 வன உரிமைச் சட்டத்தின்கீழ் உரிமை கோர, சமூக உரிமைக்கு (மேய்ச்சல் போன்றவை) படிவம் பி, சமூக வன வளத்துக்கு (ஊரே காத்து நிர்வகிக்கும் காடு) படிவம் சி இருக்கின்றன. ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலமும் சான்றாகுமாம். இவற்றை நிரப்பிக் கொடுத்த அனுபவம் யாருக்காவது உண்டா? ஒப்பந்தத்தைப் படித்து விளக்க வழக்கறிஞர் யாராவது இருந்தாலும் சொல்லுங்கள். கிராம சபை கூடுவதற்குள் தேவை. இன்பாக்ஸில் வாங்க, நகல் அனுப்புகிறேன்.